முதல் ஹோட்டல் திறக்கப் போறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் போட வேண்டிய ஒரு கணக்கு

“இந்த வேலையை விட்டுட்டு ஒரு ஹோட்டல் போட்டுடலாம்டா.” அப்ரைசல் சீசன் வந்தால் நம் வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை.

என் கல்லூரி அறைத்தோழன் சொன்னதோடு நிற்கவில்லை, செய்துவிட்டான். 2023 ஆகஸ்டில் சென்னை மேடவாக்கம் பக்கம் 30 நாற்காலிகளோடு ஒரு டிபன், மீல்ஸ் கடை. திறப்பு விழாவுக்கு நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். அவனுடைய அம்மாதான் குத்துவிளக்கு ஏற்றினார். அந்தக் கடைக்காக அவருடைய 24 பவுன் நகை அடகில் இருந்தது அன்று எங்களுக்குத் தெரியாது.

2024 அக்டோபரில் ஷட்டர் இறங்கியது. மொத்தம் 14 மாதம்.

சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. அந்த சாம்பாரை இப்போதும் பேசுபவர்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இடம் கிடைக்காமல் வாசலில் நின்றிருக்கிறோம். அப்புறம் எப்படி மூடினான்? கடை மூடிய பிறகு ஒருநாள் அவனுடைய கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். ஒரே ஒரு ஏ4 பேப்பர். அரை மணி நேரத்தில் பதில் கிடைத்துவிட்டது. “இதை அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி போட்டிருக்கணும்டா” என்றான்.

அவன் சம்மதத்தோடு, எண்களைக் கொஞ்சம் ரவுண்ட் பண்ணி, அந்தக் கணக்கை இங்கே தருகிறோம். முதல் கடை திறக்கும் யோசனையில் இருப்பவர்கள் இதைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

பத்தில் ஒன்பது ஹோட்டல் முதல் வருடமே மூடிவிடுமா?

யூடியூபில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. உண்மையில் அவ்வளவு மோசம் இல்லை. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் உள்ள கொலம்பஸ் நகர உணவகங்களை வைத்து 2005இல் வெளியான ஓர் ஆய்வு பரவலாகப் பேசப்படுகிறது. முதல் ஆண்டில் மூடியவை சுமார் 26 சதவீதம்தான். ஆனால் மூன்று ஆண்டுகளில் அது கிட்டத்தட்ட 60 சதவீதமாகிவிட்டது.

ஊர் வேறு, சாப்பாடு வேறு. ஆனாலும் இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. கடை ஒரே நாளில் விழுவதில்லை. திறந்த பிறகு கையிருப்பு மெதுவாகக் கரைகிறது. கூட்டம் இருப்பது போலவே தெரியும், பணம் மட்டும் குறைந்துகொண்டே போகும். என் நண்பனுக்கு நடந்ததும் அதுதான்.

சரி, கணக்குக்கு வருவோம்.

ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஆகும் செலவு

முதலில், கடையில் ஒரு தோசைகூட விற்காவிட்டாலும் மாதாமாதம் போகும் பணம். அவனுடைய கடையில் அது இப்படி இருந்தது:

• வாடகை: ரூ.60,000
• எட்டு பேர் சம்பளம் (மாஸ்டர் 35,000, உதவி மாஸ்டர் 25,000, சமையலறை உதவியாளர் இருவருக்கு 30,000, சப்ளையர் மூவருக்கு 42,000, க்ளீனர் 13,000): ரூ.1,45,000
• பணியாளர்கள் தங்கும் அறை, அவர்கள் சாப்பாடு: ரூ.20,000
• ஈபி பில்: ரூ.25,000
• தண்ணீர் லாரி, குப்பை, இணையம், பில்லிங் மென்பொருள், ரிப்பேர்: ரூ.15,000
• கடன் தவணையும் நகைக்கடன் வட்டியும்: ரூ.25,000

மொத்தம் ரூ.2,90,000.

பணியாளர் அறை, சாப்பாடு என்ற வரியைப் புதியவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். ஹோட்டல் தொழிலில் வெளியூர், வெளிமாநிலப் பணியாளர்கள் அதிகம். தங்க இடமும் மூன்று வேளை சாப்பாடும் பேச்சோடு சேர்ந்தே வரும்.

ஒவ்வொரு பில்லிலும் ஆகும் செலவு

அடுத்தது, விற்கும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் கூடவே போகும் செலவு. அவன் கடையில் மளிகை, காய்கறி, பால், எண்ணெய் 35 ரூபாய். கேஸ் 4 ரூபாய். வீணாவது 3 ரூபாய். இலை, பார்சல் கவர், டிஷ்யூ, கழுவும் பொருட்கள் 3 ரூபாய். ஆக 45 ரூபாய். மீதி 55 ரூபாய்.

அந்த 55 ரூபாயில் இருந்துதான் மேலே சொன்ன 2.9 லட்சம் வர வேண்டும்.

2,90,000ஐ 0.55ஆல் வகுத்தால் சுமார் 5.27 லட்சம். மாதம் இவ்வளவு விற்றால்தான் நஷ்டமும் இல்லை, லாபமும் இல்லை. ஆனால் இதில் முதலாளிக்குச் சம்பளமே இல்லை. காலை 5 மணிக்குக் கடை திறந்து, இரவு 11 மணிக்கு மூடுகிற ஆளும் வீட்டு வாடகை கட்ட வேண்டும் அல்லவா? அவனுக்கு மாதம் 40,000 வைத்துக்கொண்டால் தேவைப்படும் விற்பனை 6 லட்சம்.

வார விடுமுறை, மழை, பண்டிகை எல்லாம் கழித்து மாதம் 26 நாள் என்று வைத்தால், ஒரு நாளைக்குச் சுமார் 23,000 ரூபாய். ஒருவர் சராசரியாக 110 ரூபாய்க்குச் சாப்பிட்டால் 210 பேர். கடையில் இருப்பது 30 நாற்காலி. அதாவது ஒவ்வொரு நாற்காலியிலும் தினமும் ஏழு பேர் உட்கார்ந்து எழ வேண்டும். செவ்வாய்க்கிழமை மதியமும் சேர்த்துத்தான்.

நண்பனின் நோட்டில் இருந்த சராசரி விற்பனை ஒரு நாளைக்கு 16,000 ரூபாய். சுமார் 145 பேர். அவன் ஒரு ரூபாய் சம்பளம் எடுக்காமலே மாதம் 61,000 ரூபாய் நஷ்டம். நாங்கள் இடம் கிடைக்காமல் வாசலில் நின்றது ஞாயிற்றுக்கிழமை. மற்ற ஆறு நாள் எப்படி இருந்தது என்று நாங்கள் பார்த்ததே இல்லை.

கொஞ்சம் மாற்றியிருந்தால்?

நாங்களும் இதே கேள்வியைத்தான் கேட்டோம். வாடகை 40,000க்கு ஓர் உள்தெருக் கடை. மெனுவைக் குறைத்து ஒரு சப்ளையரையும் குறைத்தால் அவருடைய சம்பளமும் அறைச் செலவும் சேர்த்து 18,000 மிச்சம். பொருள் செலவை 35இல் இருந்து 32 சதவீதத்துக்கு இறக்குவது. இந்த மூன்றையும் செய்திருந்தால் தேவைப்படும் ஆட்கள் எண்ணிக்கை 210இல் இருந்து 176 ஆகியிருக்கும்.

நல்ல முன்னேற்றம்தான். ஆனால் வந்தவர்கள் 145 பேர். அதுவும் மெயின் ரோட்டில். உள்தெருவுக்குப் போயிருந்தால் அதுவும் குறைந்திருக்கலாம். அந்தப் பகுதியில், அந்த விலைக்கு, அந்தக் கடையைத் திறந்திருக்கவே கூடாது என்பதுதான் பேப்பர் சொன்ன பதில். 22 லட்சம் ரூபாய் கொடுத்துத் தெரிந்துகொண்ட பதில் அது.

உங்கள் எண்கள் வேறாக இருக்கும். கணக்குப் போடும் முறை ஒன்றுதான். அவசரத்துக்கு ஒரு குறுக்கு வழியும் உண்டு: வாடகை, விற்பனையில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது தொழிலில் பலர் பின்பற்றும் தோராய அளவு. புரோக்கர் காட்டும் கடையின் வாடகையைப் பத்தால் பெருக்குங்கள். அந்த விற்பனையை அந்தத் தெரு தருமா என்று யோசியுங்கள்.

அந்தத் தெரு தருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நின்று எண்ணுவதுதான் ஒரே வழி. போனில் கவுன்டர் ஆப் போட்டுக்கொண்டு, காலை 7 முதல் 10, மதியம் 12 முதல் 3, இரவு 7 முதல் 10 என்று ஒரு வாரம் அந்தக் கடைக்கு எதிரில் நில்லுங்கள். நடந்து போகிறவர்கள், பைக்கை நிறுத்த இடம், பக்கத்துக் கடையில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், எத்தனை மேஜை காலி. நான்கு பேர் மேஜையில் இருவர் உட்கார்ந்தால் மீதி இரண்டு நாற்காலிகள் பெரும்பாலும் காலிதான் என்பதையும் கவனியுங்கள்.

ஐடி நிறுவனங்கள் பக்கம் கடை என்றால் ஹைப்ரிட் வேலையால் திங்கள் கூட்டமும் புதன் கூட்டமும் ஒன்றாக இருக்காது. கல்லூரிப் பக்கம் என்றால் செமஸ்டர் விடுமுறையில் தெருவே வெறிச்சோடும். பிரியாணிக் கடை என்றால் புரட்டாசி ஒன்று இருக்கிறது. கணக்கில் 12 மாதத்தையும் 11 மாதமாக நினைத்துக்கொள்வது நல்லது.

கட்டிட உரிமையாளரிடம் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

சென்னையில் கடைகளுக்கு 10 மாத வாடகை அட்வான்ஸாகக் கேட்பது சகஜம். அதைக் கொடுக்கும் முன்:

1. மின் இணைப்பு வணிகப் பிரிவில் இருக்கிறதா? த்ரீ பேஸா? கிரைண்டர், ஃப்ரீசர், ஏசி எல்லாம் ஒன்றாக ஓட லோடு போதுமா?
2. தண்ணீர் எங்கிருந்து வரும்? கோடையிலும் வருமா?
3. சமையலறைக் கழிவுநீர் எங்கே போகும்? எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும் தொட்டி வைக்க இடம் இருக்கிறதா?
4. புகைக்கூண்டு எந்த வழியாக மேலே போகும்? மாடியில் குடியிருப்பவர்கள் ஒப்புக்கொள்வார்களா?
5. கட்டிட அனுமதியில் அந்த இடம் வணிகப் பயன்பாட்டுக்கு உரியதுதானா?
6. எத்தனை வருட ஒப்பந்தம், ஆண்டுக்கு எவ்வளவு ஏற்றம், நடுவில் காலி செய்தால் அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார்கள்?

ஆறாவது கேள்விக்கான பதில் எழுத்தில் இருக்க வேண்டும். “அதெல்லாம் பார்த்துக்கலாம் தம்பி” என்பது பதில் அல்ல. 11 மாத ஒப்பந்தத்தை நம்பி 12 லட்சத்துக்கு இன்டீரியர் செய்தால், 12ஆவது மாதம் வாடகை ஏறும்போது உங்களால் எதுவும் பேச முடியாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது சட்டம். பதிவுச் செலவைப் பார்த்துத் தயங்காதீர்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் கடையை ‘குட்வில்’ கொடுத்து எடுப்பதாக இருந்தால் ஈபி பாக்கி, சொத்து வரி பாக்கி, பழைய பணியாளர்களின் சம்பள பாக்கி மூன்றையும் முதலில் பாருங்கள். நன்றாக ஓடும் கடையை ஏன் விற்கிறார்கள் என்ற கேள்வியையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

திறக்கும் நாளில் கையில் எவ்வளவு இருக்க வேண்டும்?

நண்பன் திரட்டிய பணம் 22 லட்சம். சேமிப்பு 9, நகைக்கடன் 8, தனிநபர் கடன் 5. அட்வான்ஸ் 6 லட்சம், இன்டீரியரும் சமையலறைச் சாமான்களும் 12.5 லட்சம், திறப்பதற்கு முந்தைய இரண்டு மாத வாடகை, லைசென்ஸ், விழா எல்லாம் சேர்த்து 2 லட்சம். ரிப்பன் வெட்டியபோது கையில் இருந்தது 1.5 லட்சம்.

மாதம் 61,000 நஷ்டம் என்றால் 1.5 லட்சம் மூன்று மாதத்துக்குக்கூடத் தாங்காது. நவம்பரில் கை காலி. டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். தென்சென்னைப் புறநகரில் தண்ணீர் நின்ற அந்த நாட்களில் அவன் கடைக்குள்ளும் தண்ணீர் வந்தது. ஃப்ரீசரும் கிரைண்டர் மோட்டாரும் போயின. ஒன்பது நாள் கடை மூடியிருந்தது. வாடகையும் சம்பளமும் மூடவில்லை.

குறைந்தது மூன்று மாத நிலையான செலவு, அவன் கடைக்கு அது 8.7 லட்சம், தொடாமல் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் இன்டீரியரைக் குறையுங்கள், செகண்ட் ஹேண்ட் கிரைண்டர் வாங்குங்கள், நாற்காலிகளைக் குறையுங்கள். எல்லாம் குறைத்தும் முடியவில்லையா? திறப்பதைத் தள்ளிப் போடுங்கள்.

கடன் என்றால் முத்ரா திட்டத்தில் 50,000 வரை, 5 லட்சம் வரை, 10 லட்சம் வரை, அந்த மூன்றாம் அடுக்குக் கடனை ஏற்கெனவே வாங்கி அடைத்தவர்களுக்கு 20 லட்சம் வரை என நான்கு அடுக்குகள் உண்டு. குறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு அரசு இணையதளத்தில் முற்றிலும் இலவசம். பணம் கேட்கும் தளங்கள் எல்லாம் இடைத்தரகர்கள்தான்.

ஒரு மசால் தோசையின் ஜாதகம்

பெரும்பாலான புதுக் கடைகள் பக்கத்துக் கடை மெனுவைப் பார்த்து விலை போடுகின்றன. அவருக்குச் சொந்தக் கட்டிடமாக இருக்கலாம், உங்களுக்கு 60,000 வாடகை.

ஓர் உதாரணம். 80 ரூபாய் மசால் தோசை. மாவு 11, எண்ணெய் 5, உருளைக்கிழங்கு மசாலா 7, இரண்டு சட்னியும் சாம்பாரும் 9, இலை 1. மொத்தம் 33 ரூபாய், விலையில் 41 சதவீதம். நீங்கள் மனதில் வைத்திருந்தது 35. எங்கே போனது? சாம்பாரில். இரண்டாவது கிண்ணத்துக்கு நாம் காசு வாங்குவதில்லை. வாங்கவும் முடியாது, நம் ஊரில் சண்டைக்கு வந்துவிடுவார்கள்! அதனால் அதையும் சேர்த்தே விலை போட வேண்டும்.

இப்படி மெனுவில் உள்ள ஒவ்வோர் ஐட்டத்துக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள். எழுத அலுப்பாக இருக்கிறதா? அப்படியானால் மெனு நீளமாக இருக்கிறது என்று அர்த்தம். ஐட்டம் கூடக்கூட மீந்து போவதும் கூடும், மாஸ்டரும் கூடுதலாகத் தேவைப்படுவார். திண்டுக்கல்லில் 1957இல் தொடங்கிய தலப்பாக்கட்டி, சீரக சம்பா பிரியாணி என்ற ஒன்றில்தான் பெயர் வாங்கியது. முதல் கடைக்குப் பதினைந்து ஐட்டம் தாராளம்.

கேஸ் விலையையும் கவனியுங்கள். 19 கிலோ வணிக சிலிண்டர் விலை அடிக்கடி மாறும், பெரும்பாலும் மாதம் பிறக்கும்போது. 2022 மே மாதம் சென்னையில் அது 2,500 ரூபாயைத் தாண்டியது. மிச்சம் பிடிக்கிறேன் என்று வீட்டு சிலிண்டரைக் கடையில் வைப்பது சட்டப்படி குற்றம்.

ஸ்விகி, ஸொமேட்டோ காப்பாற்றுமா?

மேஜை காலியாக இருந்தால் என்ன, ஆன்லைனில் பிடித்துவிடலாம் என்பதுதான் பலருடைய திட்டம். 200 ரூபாய் ஆர்டர் ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம்.

கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால், 45 சதவீதச் செலவு போக 110 ரூபாய் மிஞ்சும். அதே ஆர்டர் ஆப் வழியாக வந்தால்? கமிஷன் 25 சதவீதம் என்று வைத்தால் 50 ரூபாய். அந்தக் கமிஷன் மீது 18 சதவீத ஜிஎஸ்டி 9 ரூபாய். ஆஃபரில் உங்கள் பங்கு 20. பேக்கிங் 12. பொருள், கேஸ், வீணாவது 84. மிஞ்சுவது 25 ரூபாய். வாடகையும் சம்பளமும் இந்த 25இல் இருந்து வர வேண்டும்.

கமிஷனை எதிர்த்து 2025 ஜூலையில் நாமக்கல் ஹோட்டல் உரிமையாளர்கள் இந்த ஆப்களின் ஆர்டர்களையே நிறுத்தியது நினைவிருக்கலாம். ஆப் வேண்டவே வேண்டாம் என்பதில்லை. புதுக் கடைக்கு அது ஒரு விளம்பரப் பலகை. ஆனால் விற்பனையில் பாதிக்கு மேல் அதை நம்பினால், ஓடி ஓடி உழைத்தும் ஒன்றும் மிஞ்சாது. ஆன்லைன் மெனுவையும் விலையையும் தனியாகப் போடுங்கள். பார்சல் பையில் கடையின் போன் நம்பர் இருக்கட்டும்.

மாஸ்டர் போனால்?

2024 பொங்கலுக்கு ஊருக்குப் போன நண்பனின் மாஸ்டர் திரும்பவில்லை. வேறு கடையில் 5,000 கூடுதல். அதில் அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. பிரச்சினை என்னவென்றால், அந்த சாம்பார் அவர் கையில் மட்டும்தான் இருந்தது. புது மாஸ்டர் வந்ததும் சாம்பார் மாறியது. பழைய வாடிக்கையாளர்கள் யாரும் புகார் சொல்லவில்லை. வராமல் நின்றுவிட்டார்கள்.

முதல் நாளில் இருந்தே அளவுகளை கிராம் கணக்கில் எழுதி வையுங்கள். சாம்பார்ப் பொடியைக் கடை முதலாளியே அரைத்து வையுங்கள். மாவு, சாம்பார், கல்லு இந்த மூன்றில் ஒன்றையாவது நீங்களே செய்யத் தெரிந்திருக்க வேண்டும். வார விடுமுறையும் சரியான தேதியில் சம்பளமும் கொடுக்கும் கடையில் ஆட்கள் நிற்பார்கள். பத்துப் பேர் ஆனால் இஎஸ்ஐ, இருபது பேர் ஆனால் பிஎஃப் கட்டாயம் என்பதும் கணக்கில் இருக்கட்டும்.

பேப்பர் வேலைகள்: சுருக்கமாக

• உணவுப் பாதுகாப்பு: எஃப்எஸ்எஸ்ஏஐயின் ‘ஃபாஸ்காஸ்’ தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சிறிய கடைக்குப் பதிவு, பெரியதற்கு உரிமம். விற்றுமுதல் வரம்பும் கட்டணமும் திருத்தப்படுவதால் விண்ணப்பிக்கும் நாளில் தளத்திலேயே பாருங்கள். வீட்டில் இருந்து சமைத்து விற்றாலும் இது வேண்டும். 14 இலக்க எண்ணை 2022 ஜனவரி முதல் பில்லிலும் அச்சிட வேண்டும். பணியாளர்களுக்கு ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை அவசியம்.
• உள்ளாட்சி: மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியின் தொழில் உரிமம். கட்டிடத்தைப் பொறுத்து தீயணைப்புத் துறையின் சான்றும் தேவைப்படலாம்.
• ஜிஎஸ்டி: ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு. சாதாரண உணவகங்களுக்கு 5 சதவீதம், உள்ளீட்டு வரி வரவு கிடையாது. சிம்பிளா சொன்னா, ஃப்ரீசர், ஆப் கமிஷன் என நீங்கள் கட்டும் ஜிஎஸ்டி எதுவும் திரும்ப வராது, அதுவும் உங்கள் செலவுதான். 1.5 கோடி வரை காம்போசிஷன் திட்டத்தில் சேரலாம். ஆனால் அதில் வாடிக்கையாளரிடம் வரியைத் தனியாக வசூலிக்க முடியாது.
• எண்ணெய்: பொரித்த எண்ணெயில் மொத்த போலார் கூட்டுப்பொருள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது.
• பிளாஸ்டிக்: 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. தட்டில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் அதில் வரும்.
• பெயர்: போர்டு அடிக்கும் முன் டிரேட்மார்க் தளத்தில் 43ஆம் பிரிவில் தேடுங்கள். ‘தலப்பாக்கட்டி’ என்ற பெயருக்கே நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.
• கூட்டாளி: நண்பனோடு சேர்ந்து திறந்தால், யார் எவ்வளவு போட்டது, யார் கடையில் நிற்பது, விலகினால் என்ன கிடைக்கும் என்பதை எழுதிப் பதிவு செய்யுங்கள். பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் ஒப்பந்தப் பிரச்சினைகளுக்கு நீதிமன்றம் போவது கடினம்.

எப்போது மூடுவது? திறக்கும் முன்பே முடிவு செய்யுங்கள்

இந்தக் கட்டுரைக்காகப் பேசியபோது, “எதுக்கு ரொம்ப வருத்தப்படுற?” என்று கேட்டேன். கடை திறந்ததற்கு என்பான் என்று நினைத்தேன். “கடைசி அஞ்சு மாசத்துக்கு” என்றான்.

2024 மே மாதமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள், அம்மா முகத்தில் எப்படி முழிப்பது, அடுத்த மாதம் பிக்கப் ஆகிவிடும். இப்படியே கடன் ஆப்களில் எடுத்து, தினவட்டிக்கு வாங்கி, ஐந்து மாதம் ஓட்டினான். மே மாதம் மூடியிருந்தால் வாடகை பாக்கி இல்லாமல் அட்வான்ஸில் பெரும்பகுதி திரும்பி வந்திருக்கும். அக்டோபரில் பாக்கி எல்லாம் கழித்து வந்தது இரண்டரை லட்சம். சமையலறைச் சாமான்கள் பழைய பாத்திர விலைக்குப் போயின.

கடை நடக்கும்போது இந்த முடிவைத் தெளிவாக எடுக்க யாராலும் முடியாது. அதனால் திறக்கும் முன்பே எழுதி வையுங்கள்: ‘ஆறாவது மாதத்துக்குப் பிறகு, தொடர்ந்து மூன்று மாதம் தினசரி விற்பனை இந்த எண்ணுக்குக் கீழே இருந்தால், புதுக் கடன் வாங்காமல் மூடிவிடுவேன்.’ எண்ணை உங்கள் ஏ4 பேப்பரில் இருந்து எடுங்கள். அந்தக் காகிதத்தை வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். நகை கொடுத்தவரிடம் கொடுத்தால் இன்னும் நல்லது. அவருக்கும் அந்த எண் தெரிந்திருக்க வேண்டும்.

அப்போ ஆசையை விட்டுடணுமா?

தேவையில்லை. வேலையை விடுவதற்கு முன் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. வார இறுதியில் ஏதாவது ஒரு ஹோட்டலில் சம்பளம் இல்லாமல் மூன்று மாதம் நின்று பாருங்கள். பர்சேஸ், கல்லா, கழுவும் இடம் எல்லாம் தெரியும். உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்கிக்கொண்டு, அப்பார்ட்மென்ட்டில் சனிக்கிழமை 50 பேருக்குச் சமைத்து விற்றுப் பாருங்கள். நண்பர்கள் “சூப்பர்” என்பது கணக்கில் வராது. முன்பின் தெரியாதவர் அடுத்த வாரமும் காசு கொடுத்து வாங்குகிறாரா என்பதுதான் கணக்கு.

நண்பன் இப்போது மறுபடி வேலைக்குப் போகிறான். 24 பவுனில் 10 பவுன் திரும்பி வந்திருக்கிறது. மீதிக்குத் தவணை ஓடுகிறது. சனிக்கிழமைகளில் அம்மாவும் அவனும் சேர்ந்து 40 சாம்பார் சாதம் பார்சல் போடுகிறார்கள். பெரும்பாலும் மதியம் ஒரு மணிக்குள் தீர்ந்துவிடுகிறது. போன வாரம் மெசேஜ் அனுப்பினான்: “ஒரு சின்னக் கடை பார்த்திருக்கேன். வாடகை 18. ஒரு வாரமா எதிர்ல நின்னு எண்ணிட்டு இருக்கேன். அட்வான்ஸ் இன்னும் கொடுக்கல.”